‘92 சதவீதம்’ என்றால் எதில் 92?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூலிகை ஆய்வுச் செய்திகளில் ஒரு வாக்கியம் அடிக்கடி தலைகாட்டுகிறது: ‘இந்த இலையின் சாற்றுக்கு 92 சதவீத ஆன்டிஆக்ஸிடன்ட் ஆற்றல் இருப்பது உறுதியானது.’ படிப்பவர், இலையில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்கு ஏதோ மருந்து இருப்பதாக எடுத்துக்கொள்வார். அந்த எண் சொல்வது வேறு. ஒரு சிறு கண்ணாடிக் குவெட்டில் ஊற்றிய ஊதா நிறக் கரைசலிலிருந்து எவ்வளவு ஊதா போனது என்பதுதான் அது. எவ்வளவு சாறு ஊற்றினார்கள் என்று சொல்லாமல் அந்த எண்ணை மட்டும் அச்சிட்டால் அதற்குப் பொருளே கிடையாது. இந்தச் சோதனையைச் செய்பவர்கள் என்ற முறையில், அது எப்படி நடக்கிறது, எங்கே சறுக்குகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். செய்தி எழுதுபவர்களுக்கும், ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்களுக்கும் பயன்படலாம்.

அந்த ஊதாப் பொருளின் பெயர் டிபிபிஎச். சோதனைக்கும் அதே பெயர். 1922இலேயே தயாரிக்கப்பட்டுவிட்டது, இதைக் கொண்டு ஆன்டிஆக்ஸிடன்ட்டை அளக்கலாம் என்று 1958இல் எழுதியவர் பிளாய்ஸ். இணை சேராத எலக்ட்ரான் கொண்ட ஃப்ரீ ரேடிக்கல்கள் பொதுவாக உருவான கணமே எதையாவது பற்றிக்கொண்டு மறைந்துவிடும். இதுவும் ஒரு ஃப்ரீ ரேடிக்கல்தான், ஆனால் அந்த எலக்ட்ரானை வைத்துக்கொண்டே பாட்டிலில் தூளாக மாதக்கணக்கில் கிடக்கும். மெத்தனாலில் கரைத்தால் அடர் ஊதா. 517 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியை நன்றாக உறிஞ்சும். ஹைட்ரஜனையோ எலக்ட்ரானையோ கொடுக்கத் தயாராக உள்ள பொருள், அதாவது ஆன்டிஆக்ஸிடன்ட், வந்து சேர்ந்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகிவிடும். உறிஞ்சல் எத்தனை குறைந்தது என்று பார்ப்பதே சோதனை. எளிமைதான், அந்த எளிமையாலேயே அலட்சியமும் வந்துவிடுகிறது.

குவெட்டுக்கு வருமுன்பே பாதிப் பிழை நடந்து முடிந்திருக்கும். முதலில் செடி எது என்பது. கரிசலாங்கண்ணி என்று சொன்னால் வெள்ளைப் பூ பூப்பதா, மஞ்சள் பூ பூப்பதா? முன்னது எக்லிப்டா, பின்னது வெடேலியா, பேரினமே வேறு. தாவரவியலாளர் அடையாளம் கண்டு, பூவோடு அழுத்தி உலர்த்திய மாதிரி ஒன்றை எண்ணிட்டு ஹெர்பேரியத்தில் (உலர் தாவரக் காப்பகம்) வைக்காவிட்டால், பின்னால் யாரும் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்து பார்க்க வழியில்லை. அடுத்தது உலர்த்துவது. நிழலில், காற்றோட்டத்தில், அல்லது 40 டிகிரி செல்சியஸுக்கு மிகாத உலர்த்தும் அடுப்பில் (ஓவன்) உலர்த்த வேண்டும். கொத்தாகக் குவித்துவைத்தால் இலையின் நொதிகளே, ஊதாவை வெளுக்கவைக்கும் ஃபினால் என்ற வேதிப்பொருள்களைத் தின்று இலையைப் பழுப்பாக்கிவிடும். அளக்க வந்த சரக்கு அங்கேயே போய்விட்டது.

சாறு என்று இங்கே சொல்வது பிழிந்த சாற்றை அல்ல. உலர்ந்த இலைத் தூள் 10 கிராமை 100 மில்லி கரைப்பானில் போட்டு, ஷேக்கரில் 24 மணி நேரம் ஆட்டி, வடிகட்டி, மிஞ்சிய சக்கையை இன்னும் ஒருமுறையோ இருமுறையோ அதேபோல் இறக்கி, எல்லா வடிநீரையும் சேர்த்து ரோட்டரி எவாப்பரேட்டரில் 40 டிகிரியில் வற்ற வைத்தால் மிஞ்சுகிற பசை அது. கரைப்பான் எது என்பது முடிவையே மாற்றும். ஹெக்சேன் மெழுகையும் கொழுப்பையும் இறக்கும், ஃபினால்களைத் தொடாது. தண்ணீர் கலந்த ஆல்கஹால், சுமாராக 70 சதவீத எத்தனால், ஃபினால்களுக்குப் பெரும்பாலும் முழு எத்தனாலைவிட மேல். சாக்ஸ்லெட் என்ற கருவியில் மணிக்கணக்காகக் கொதிக்கவிட்டால் சூடு தாங்காத பொருள்கள் சிதையும். பசையை எடை போட்டு, தூளில் எத்தனை சதவீதம் இறங்கியது என்று எழுதி, பழுப்பு நிற பாட்டிலில் மைனஸ் 20 டிகிரியில் வைக்க வேண்டும். கரைப்பான் முழுக்கப் போகாமல் பசை ஈரமாக இருந்தால் எடை பொய். எடை பொய்யென்றால் பின்னால் வரும் எல்லாச் செறிவும் பொய்.

இறங்கிய அளவை எழுதாமல் விடுவது சின்ன விஷயமில்லை. ஒரு கணக்கு: முதல் சாறு மில்லிக்கு 20 மைக்ரோகிராமில் பாதி ஊதாவை நீக்குகிறது, ஆனால் தூளில் 4 சதவீதமே இறங்கியது. இரண்டாவதற்கு 60 மைக்ரோகிராம் தேவை, ஆனால் 25 சதவீதம் இறங்கியது. ‘முதலாவது மூன்று மடங்கு வலிமை’ என்றுதான் எழுதுவார்கள். ஒரு கிராம் இலைத்தூளுக்கென்று பாருங்கள். முதலாவதில் கிடைப்பது 40 மில்லிகிராம் பசை; அது 2,000 மில்லி கலவையில் பாதி ஊதாவை நீக்கும். இரண்டாவதில் 250 மில்லிகிராம். அது ஏறத்தாழ 4,170 மில்லிக்குப் போதும். இலையாகப் பார்த்தால் இரண்டாவதுதான் இரு மடங்கு.

இனி டிபிபிஎச் கரைசல். 0.1 மில்லிமோலார் செறிவு வேண்டுமென்றால் 100 மில்லி மெத்தனாலில் 3.94 மில்லிகிராம். இவ்வளவு சிறிய எடையை நேரடியாகத் தராசில் போடுவது பிழையை வரவழைப்பது. 19.7 மில்லிகிராமை 50 மில்லியில் கரைத்து 1 மில்லிமோலாராக எடுத்துக்கொண்டு, அதில் 10 மில்லியை 100 மில்லியாக்குவது நல்லது. அடியில் கருந்துகள் தங்காதபடி ஒலியதிர்வால் கரைக்கும் சோனிகேட்டரில் சில நிமிடம் வைத்து, பாட்டிலில் அலுமினியத் தாள் சுற்றி, அன்றன்றே தயாரித்து அன்றன்றே தீர்க்க வேண்டும். சரியாகத் தயாரித்த 0.1 மில்லிமோலார் கரைசல் 1 சென்டிமீட்டர் குவெட்டில் உறிஞ்சலை ஏறத்தாழ 1.1 முதல் 1.2 வரை காட்டும். 0.8தான் காட்டுகிறது என்றால் பொருள் பழையதாகிவிட்டது, அல்லது சரியாகக் கரையவில்லை. அதை வைத்துக்கொண்டு மேலே போகக் கூடாது. (மெத்தனால் நஞ்சு, கண் பார்வையைப் பறிக்கும். ஃப்யூம் ஹூடிலேயே ஊற்றுங்கள், வாயால் பிப்பெட்டில் உறிஞ்சுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம்.)

இந்தக் கரைசல் 2 மில்லியோடு மெத்தனாலில் கரைத்த சாறு 2 மில்லி. கலக்கி, இருட்டில் 30 நிமிடம். பிறகு 517இல் அளவு. சாற்றுக்குப் பதில் வெறும் மெத்தனால் ஊற்றியது கன்ட்ரோல். கன்ட்ரோலின் உறிஞ்சலிலிருந்து சாற்றுக் குழாயின் உறிஞ்சலைக் கழித்து, கன்ட்ரோலால் வகுத்து, நூறால் பெருக்கினால் சதவீதம். இங்கே பலர் விட்டுவிடுகிற மூன்றாவது குழாய் ஒன்று உண்டு: சாறு 2 மில்லி, டிபிபிஎச் இல்லாத மெத்தனால் 2 மில்லி. ஒவ்வொரு செறிவுக்கும் இது தனியாக வேண்டும். சாற்றுக்கும் சொந்த நிறம் உண்டல்லவா? சிவப்பு, ஊதாப் பூவிதழ்களின் ஆந்தோசயனின் நிறமிகள் 520 நானோமீட்டரை ஒட்டித்தான் ஒளியை உறிஞ்சுகின்றன. டிபிபிஎச் நிற்கும் அதே இடம். அவற்றின் நிறத்தைக் கழிக்காவிட்டால், ஊதா முழுக்கப் போன பிறகும் கருவி ‘இன்னும் போகவில்லை’ என்று காட்டும். நல்ல சாறு மோசமானதாகத் தெரியும். செறிவைக் கூட்டக் கூட்ட சதவீதம் ஏறாமல் இறங்கும். அப்படி இறங்கும் வரைபடத்தைப் பார்த்து ‘அதிகச் செறிவில் இது ஆக்ஸிஜனேற்றியாகச் செயல்படுகிறது’ என்று விளக்கம் எழுதுவதற்குமுன் அந்த மூன்றாவது குழாய் வைத்தார்களா என்று கேட்க வேண்டும்.

கலங்கலும் அப்படித்தான். தண்ணீரில் இறக்கிய சாற்றை மெத்தனாலில் ஊற்றினால் புரதமும் பசைச் சர்க்கரைகளும் திரிந்து வெண்மையாக மிதக்கும். ஒளி சிதறும், உறிஞ்சல் ஏறும். மறுபக்கம், கலவையில் தண்ணீர் 60 சதவீதத்தைத் தாண்டினால் டிபிபிஎச்சே திரிந்து கரைசலைவிட்டு விலகத் தொடங்கும். அப்போது சாறு எதுவும் செய்யாமலே ஊதா குறையும். கலங்கல் தெரிந்தால் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, தெளிந்த மேல்நீரை மட்டும் அளக்க வேண்டும். தண்ணீர்ச் சாறுதான் வேண்டும் என்றால் அதைச் செறிவாக வைத்துக்கொண்டு சிறிதளவே ஊற்றலாம். அல்லது பின்னால் சொல்லப்போகும் ஏபிடிஎஸ் என்ற வேறொரு முறைக்குப் போகலாம். பசை மெத்தனாலில் கரையவில்லை என்று டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைப்பவர்கள் கன்ட்ரோலிலும் அதே அளவு டிஎம்எஸ்ஓ ஊற்ற வேண்டும். ஹைட்ராக்ஸில் ரேடிக்கல் சோதனைக்கு அதே கரைசலைக் கொண்டுபோகவே கூடாது. டிஎம்எஸ்ஓ தானே ஹைட்ராக்ஸில் ரேடிக்கலை விழுங்கும். பாராட்டு சாற்றுக்குப் போய்விடும்.

தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். ஊதா முழுக்கப் போனாலும் எஞ்சும் மஞ்சள் 517இல் கொஞ்சம் உறிஞ்சும். அதனால் சதவீதம் 95ஐ ஒட்டி நின்றுவிடும். அதற்குமேல் எவ்வளவு சாறு ஊற்றினாலும் ஏறாது. மில்லிக்கு 10 மைக்ரோகிராமிலேயே பாதியை நீக்கும் சாறும், 200 மைக்ரோகிராம் தேவைப்படும் சாறும், 1,000 மைக்ரோகிராமில் சோதித்தால் இரண்டுமே தொண்ணூற்றைத் தாண்டியே காட்டும். இருபது மடங்கு வித்தியாசம் காணாமல் போய்விடும். ‘92 சதவீதம்’ பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. 100 என்றோ 103 என்றோ எழுதியிருந்தால் எங்கோ பிளாங்கை (அந்த மூன்றாவது குழாயின் அளவை) தப்பாகக் கழித்திருக்கிறார்கள்.

ஆகவேதான் பாதி ஊதாவை நீக்க எவ்வளவு வேண்டும் என்ற ஐசி50 அளவைக் கேட்கிறார்கள். எண் குறையக் குறைய வலிமை கூடுதல் என்பதையும் செய்திகளில் சிலசமயம் தலைகீழாக எழுதிவிடுகிறார்கள். ஐசி50 எடுக்கக் குறைந்தது ஐந்து செறிவுகள் வேண்டும். அவை 20 முதல் 80 சதவீதம் வரையான பகுதியில் பரவி நிற்க வேண்டும். மேலே தட்டையாகிவிட்ட புள்ளிகளையும் சேர்த்து நேர்கோடு போட்டால் கோடு சாய்ந்து எண் கெட்டுப்போகும். மிக உயர்ந்த செறிவிலும் 38 சதவீதத்தைத் தாண்டவில்லையா? ‘சோதித்த எல்லைக்குள் பாதியை எட்டவில்லை’ என்று எழுதினால் போதும். கோட்டைக் கற்பனையில் நீட்டி 50ஐத் தொடவைத்து எண் கொடுப்பது சோதனையும் இல்லை, கணக்கும் இல்லை.

இன்னொரு பொறி: மில்லிக்கு 100 மைக்ரோகிராம் என்கிறார்களே, அது ஊற்றிய சாற்றில் இருந்த செறிவா, கலந்த பிறகு இருந்த செறிவா? 2 மில்லிக்கு 2 மில்லி என்றால் இரண்டுக்கும் இரு மடங்கு வித்தியாசம். 3 மில்லி டிபிபிஎச்சுக்கு 1 மில்லி சாறு என்றால் நான்கு மடங்கு. எழுதாவிட்டால் யாருக்கும் தெரியாது.

ஐசி50ஐயும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியாது, ஏனெனில் அது டிபிபிஎச்சின் அளவைப் பொறுத்தது. இரு மடங்கு டிபிபிஎச் வைத்தால் பாதியை நீக்க ஏறத்தாழ இரு மடங்கு சாறு வேண்டும். எனவே வேறு வேறு ஆய்வகங்களின் ஐசி50 எண்களை ஒரே அட்டவணையில் போட்டு எந்தச் செடி முதலிடம் என்று வரிசைப்படுத்துவது வீண். அதே நாளில், அதே கரைசலில் அஸ்கார்பிக் அமிலத்தையோ (வைட்டமின் சி) வைட்டமின் இ-யை ஒத்த ட்ரோலாக்ஸையோ ஓட்டி, அதோடு ஒப்பிட்டுச் சொல்வதே சரி. இதில் யாரும் ஒரு நிமிடத்தில் செய்துபார்க்கக்கூடிய பரிசோதனை ஒன்று ஒளிந்திருக்கிறது. அஸ்கார்பிக் அமிலத்தின் ஒரு மூலக்கூறு இரண்டு டிபிபிஎச்சை அணைக்கும். கலவையில் 0.05 மில்லிமோலார், அதாவது 50 மைக்ரோமோலார் டிபிபிஎச் இருந்தால், பாதி 25; அதை அணைக்க 12.5 மைக்ரோமோலார் அஸ்கார்பிக் அமிலம். மூலக்கூறு எடை 176; பெருக்கினால் மில்லிக்கு 2.2 மைக்ரோகிராம். ட்ரோலாக்ஸுக்கும் இதே இரண்டுக்கு ஒன்று கணக்குதான், 3.1 வரும். இந்த நிலையில் அஸ்கார்பிக் அமிலத்தின் ஐசி50 மில்லிக்கு 25 அல்லது 40 மைக்ரோகிராம் என்று அறிக்கை சொன்னால் எடையோ செறிவோ எங்கோ பிசகிவிட்டது, இல்லையென்றால் அந்த அமிலக் கரைசல் முந்தின நாளே கரைத்துவைத்துக் காற்றில் கெட்டுப்போனது. கெட்டுப்போன ஸ்டாண்டர்டோடு ஒப்பிட்டால் எந்தச் சாறும் ‘வைட்டமின் சியைவிட வலிமையானது’ ஆகிவிடும். அப்படியொரு தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் இந்த 2.2ஐ நினைத்துக்கொள்ளலாம்.

30 நிமிடம் என்பதும் வேதவாக்கு அல்ல. அஸ்கார்பிக் அமிலம் ஒரு நிமிடத்துக்குள் வேலையை முடித்துவிடும். யூஜெனால் போன்றவை இரண்டு மணி நேரம்கூட எடுக்கும். 5, 15, 30, 60 நிமிடங்களில் அளந்து, எப்போது நிலைத்து நிற்கிறது என்று ஒருமுறையாவது பார்த்துவிட்டு நேரத்தை முடிவுசெய்வது நல்லது. 96 குழித் தட்டில் செய்பவர்கள் மூடி ஒட்டாமல் விட்டால் ஓரக்குழிகளில் மெத்தனால் ஆவியாகிச் செறிவு ஏறியிருக்கும்.

ஒரே முறையை வைத்து முடிவு சொல்லவும் கூடாது. ஏபிடிஎஸ் முறையில் 10 மில்லி தண்ணீரில் 38.4 மில்லிகிராம் ஏபிடிஎஸ்ஸும் 6.6 மில்லிகிராம் பொட்டாசியம் பெர்சல்ஃபேட்டும் கரைத்து, 12 முதல் 16 மணி நேரம் இருட்டில் வைத்தால் நீலப்பச்சை ரேடிக்கல் உருவாகும். 734 நானோமீட்டரில் 0.70 காட்டும்வரை நீர்த்துப் பயன்படுத்த வேண்டும். பெர்சல்ஃபேட் ஏன் அவ்வளவு குறைவு? ஒரு பெர்சல்ஃபேட் இரண்டு ஏபிடிஎஸ்ஸை ஆக்ஸிஜனேற்றும். 7 மில்லிமோலாருக்கு 2.45 என்று வைத்தால் ஏபிடிஎஸ் மிஞ்சும், பெர்சல்ஃபேட் முழுக்கத் தீரும். கைதவறிக் கூடிவிட்டால் மிச்சப் பெர்சல்ஃபேட் சாற்றையே தாக்கும். 734 என்பது செடி நிறமிகள் அதிகம் தலையிடாத இடம் என்பதால் பச்சைச் சாறுகளுக்கு இது வசதி. 1996இல் பென்ஸியும் ஸ்ட்ரெயினும் தந்த ஃப்ராப் முறையில் ஃப்ரீ ரேடிக்கலே கிடையாது, 3.6 பிஎச்சில் இரும்பை ஃபெரிக்கிலிருந்து ஃபெரஸாகக் குறைக்கும் திறனை மட்டும் 593இல் பார்க்கிறார்கள். ஃபோலின் கரைசல் எவ்வளவு நீலமாகிறது என்று பார்க்கும் ஃபோலின் முறையில் ‘மொத்த ஃபினால்’ என்று வருவதும் முழுக்க ஃபினால் அல்ல. வைட்டமின் சியும் சில சர்க்கரைகளும் அதே நீலத்தைக் கொடுக்கும். அதில் சோடியம் கார்பனேட்டைக் கடைசியில்தான் ஊற்ற வேண்டும். காரத்தில் ஃபோலின் கரைசல் சிதைந்துவிடும்.

‘மூன்று முறை செய்தோம்’ என்கிறார்களே, அதையும் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரே பாட்டில் சாற்றை மூன்று குவெட்டில் ஊற்றினால் அது பிப்பெட் பிடித்த கையின் நிதானத்தைத்தான் சொல்லும். மூன்று தனித்தனிச் செடித் தொகுப்பிலிருந்து மூன்று முறை சாறு இறக்கினால்தான் செடியைப் பற்றி ஏதாவது சொன்னதாகும்.

இவ்வளவும் பிழையின்றி நடந்தாலும் கிடைப்பது குவெட்டுக்குள் நடந்த வேதியியல். பெரும்பாலான இலைகளில் ஃபினால்கள் உண்டு. சாறு இறக்கிப் போதுமான அளவு ஊற்றினால் ஊதா வெளுக்கும். வெளுக்காமல் போனால்தான் வியப்பு. உடலுக்குள் டிபிபிஎச்சும் இல்லை, மெத்தனாலும் இல்லை. சாப்பிட்ட ஃபினால்களில் பெரும்பங்கு குடலிலும் கல்லீரலிலும் உருமாறிவிடுகிறது. ரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். அமெரிக்க வேளாண் துறை, உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் மதிப்புகளைத் ஓஆர்ஏசி என்ற இன்னொரு சோதனைக்குழாய் முறையின்படி தொகுத்து வெளியிட்ட அட்டவணையை 2012இல் தானே விலக்கிக்கொண்டது. அந்த எண்களை விற்பனைக்குத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதும், சோதனைக்குழாய் எண்ணுக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு காட்டப்படவில்லை என்பதும் சொல்லப்பட்ட காரணங்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. ஆன்டிஆக்ஸிடன்ட் என்று பெயர்பெற்ற பீட்டா கரோட்டினை நாளுக்கு 20 மில்லிகிராம் எடுத்துக்கொண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியிருந்தது. குவெட்டிலிருந்து ‘புற்றுநோயைத் தடுக்கும்’ என்ற தலைப்புக்கு ஒரே தாவில் போகிறவர்கள் இந்த ஆய்வை ஒருமுறை படித்துவிட்டுத் தாவலாம்.

மூலிகை ஆய்வுச் செய்தியே போடாதீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. நல்ல சாறு எது என்று சலித்தெடுக்க இந்தச் சோதனை மலிவான, விரைவான முதல் வடிகட்டி. சலித்த பின் செய்யவேண்டிய வேலை நிறைய இருக்கிறது, அவ்வளவே. செய்தியில் இப்படி ஓரிரு வரி இருந்தால் எங்களுக்குப் போதும் (எண்கள் மாதிரிக்காக): ‘இலையின் 70 சதவீத எத்தனால் சாறு, கலவையிலிருந்த 0.05 மில்லிமோலார் டிபிபிஎச்சில் பாதியை நீக்க மில்லிக்கு 18 மைக்ரோகிராம் தேவைப்பட்டது. அன்றே சோதித்த அஸ்கார்பிக் அமிலத்துக்கு 2.3 மைக்ரோகிராம் போதுமாக இருந்தது. விலங்குகளிடமோ மனிதர்களிடமோ இன்னும் சோதிக்கப்படவில்லை.’

இப்படிக்கு,
தாவர வேதியியல் ஆய்வகப் பணியில் உள்ள வாசகர்கள் சிலர்